முன்னே இருக்கும் நேற்று

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முப்பத்தோரு ஆண்டுகள் நான் புவியியல் நடத்தியவள். தென் அமெரிக்காவுக்கு எங்கள் பாடத்திட்டத்தில் கிடைத்தது மிஞ்சிப் போனால் இரண்டு பீரியட். கரும்பலகையில் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாங்காய் மாதிரி அந்தக் கண்டத்தை வரைவேன். இடது ஓரம் நெடுக ஆண்டீஸ் மலைக்கு ஒரு கோடு, வலப்பக்கம் அமேசானுக்கு ஒரு நெளிவு. பொலிவியா வந்தால் ஒரே வரி: "கடற்கரை இல்லாத நாடு. எழுதிக்கோங்க." பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் கோடிட்ட இடமாகக் கேட்பேன். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு, 2018 ஆகஸ்டில், என் அண்ணன் மகள் வந்து, "அத்தை, முதுகுல பையை மாட்டிக்கிட்டு பொலிவியாவ பஸ்லயே சுத்தப் போறேன், நீங்களும் வாங்க" என்றாள். அவளுக்கு ஸ்பானிய மொழி தெரியும். எனக்கு வரைபடம் தெரியும். இருபத்து நான்கு நாட்கள். விமானம் வேண்டாம், வாடகைக் கார் வேண்டாம், ஊர் மக்கள் ஏறும் பஸ்ஸில்தான் ஏறுவது என்று ஒப்பந்தம். என் பை பதினொரு கிலோ. அதில் இரண்டு கிலோ, நான் பயந்து எடுத்துப்போன புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும்.

தலைப்பு பொலிவியாவில் பஸ் பயணம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் உண்மையில் நான் சொல்ல வந்தது ஒரு கை அசைவைப் பற்றி. ஒரு கிழவர், ஒரு படகில், தன் கையை ஒரு திசையில் நீட்டினார். அது எனக்குப் புரியப் பத்து நாள் ஆனது. அங்கே வருகிறேன். முதலில் பஸ் ஏறுவோம்.

எந்த ஊர் பஸ்? பெருவின் பூனோ நகரத்திலிருந்து எல்லை கடந்து கோப்பகபானா போகும் பஸ். டிட்டிகாகா ஏரிக்கரை ஊர் அது. ஏரியே கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அந்தச் சிகரத்தின் தலையில் இன்னும் ஒரு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் மீட்டரை அடுக்கி, அதன் மேல் ஒரு கடலைக் கொண்டுபோய் வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு இருபது படி ஏறினேன். நெஞ்சுக்குள் யாரோ உரல் இடிக்கிற சத்தம். தலை பாரமானது, சோற்றைக் கண்டால் குமட்டியது. அவர்கள் இதற்கு 'சொரோச்சே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடுதி அம்மாள் கேள்வி கேட்காமல் வெந்நீரில் கோகா இலை போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நம் வீட்டில் யாராவது வந்தால் செம்பில் தண்ணீர் கொடுப்பது மாதிரி.

மறுநாள் காலை கோயில் வாசலுக்குப் போனோம். பெரிய வெள்ளைத் தேவாலயம். வாசலில் என்ன? வரிசையாகக் கார்கள், வேன்கள், நடுவில் ஒரு பஸ். எல்லாவற்றுக்கும் பூமாலை, கண்ணாடியில் வண்ணக் காகிதம், பொம்மைத் தொப்பி. பாதிரியார் வந்து வாளியிலிருந்து தீர்த்தம் தெளிக்கிறார், எஞ்சினைத் திறக்கச் சொல்லி அதன் மேலும் தெளிக்கிறார். அவர் நகர்ந்ததும் குடும்பத்தார் பீர் பாட்டிலைக் குலுக்கிச் சக்கரத்தின் மேல் பீய்ச்சுகிறார்கள். முதல் சொட்டு மண்ணுக்கு, பச்சமாமா என்கிற பூமித் தாய்க்கு. ஆயுத பூஜைக்கு டயரடியில் எலுமிச்சம்பழம் வைத்து வளர்ந்த நமக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது? பீர்தான் கொஞ்சம் அதிகம்.

பஸ் கிளம்புகிறது. கோப்பகபானாவிலிருந்து லா பாஸ் நகரத்துக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் போனதும் சாலை தண்ணீரில் முடிந்துவிட்டது. திக்கீனா நீரிணை. பாலம் கிடையாது. "எல்லோரும் இறங்குங்க!" பயணிகளுக்குச் சின்ன மோட்டார் படகு, பஸ்ஸுக்குத் தட்டையான மரத் தெப்பம். நாங்கள் இக்கரைப் படகில் உட்கார்ந்தபடி பார்க்கிறோம், எங்கள் பைகளைச் சுமந்த பஸ், ஆளில்லாமல், நீலத் தண்ணீரில் ஆடி ஆடித் தனியாகப் போகிறது. என் அண்ணன் மகள் அதைப் படம் எடுத்தாள். நான் என் புளிக்காய்ச்சலை நினைத்துக்கொண்டேன்.

கரையில் ஒரு கடற்படை முகாம். கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்படை! வெளிநாட்டுப் பயணிகள் சிலர் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், கம்பளித் தொப்பி, விரிசல் விட்ட விரல்கள், என்னைப் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. தன் தாத்தாவின் தகப்பனார் காலத்தில் கடல் தங்களிடம் இருந்தது என்று சொன்னார். சொல்லும்போது கையைப் படகின் மூக்குப் பக்கம், முன்னால், நன்றாக நீட்டினார். கடல் அந்தத் திசையில் இருக்கிறது போலும் என்று நான் அந்தப் பக்கம் பார்த்தேன். தண்ணீரும் அக்கரையும்தான் இருந்தன. புவியியல் ஆசிரியை அல்லவா, மனத்துக்குள் திசை பார்த்தேன். படகு போனது கிழக்கே. பசிபிக் கடலோ மேற்கே. 'பெரியவருக்குத் திசை தெரியவில்லை' என்று முடிவு கட்டிவிட்டேன்.

முடிவு கட்டுவதில் ஆசிரியர்களுக்கு எப்போதும் அவசரம்.

கடல் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1825-இல் விடுதலை பெற்றபோது பொலிவியாவுக்குக் கடற்கரை இருந்தது. அட்டகாமா பாலைவனத்தின் கரை, அதில் பின்னர் எழுந்த அன்டோஃபகாஸ்டா துறைமுகம். அந்தப் பாலைவனத்தில் வெடியுப்பு. வயலுக்கும் வெடிமருந்துக்கும் உலகமே அதைத் தேடிய காலம். வரித் தகராறில் தொடங்கி, 1879-இல் சிலி நாட்டோடு போர் மூண்டது. பொலிவியா தோற்றது. 1904 ஒப்பந்தத்தில் கடற்கரை கைவிட்டுப் போனதாகக் கையெழுத்தானது. இன்றைக்கும் ஒவ்வொரு மார்ச் 23-ஆம் தேதியும் அங்கே கடல் நாள். கடலையே பார்த்திராத பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு கடலுக்காக ஊர்வலம் போகிறார்கள். நாங்கள் போயிருந்த ஆண்டு மார்ச்சில், ஓரூரோ நகரத்துக்கும் லா பாஸ் நகரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை நெடுக, ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு நீலக் கொடி விரித்திருக்கிறார்கள். ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்தில் கடல் வழி கேட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லோரும் தீர்ப்பைப் பற்றித்தான் பேசினார்கள். நான் ஊர் திரும்பிய பிறகு, அக்டோபர் 1-ஆம் தேதி, பன்னிரண்டுக்கு மூன்று என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் என்ன சொல்லிக்கொடுத்தேன்? கடற்கரை இல்லாத நாடு. எழுதிக்கோங்க. இல்லாத நாடு என்பதும் இழந்த நாடு என்பதும் ஒன்றா? கோடிட்ட இடத்தில் இரண்டும் ஒரே நீளம்தான். என்னிடம் படித்தவர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால், இன்றைக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

பஸ் நகரட்டும். அக்கரையில் ஏறி உட்கார்ந்தோம். ஆல்ட்டிப்ளானோ மேட்டுச் சமவெளி. மரமே இல்லை. ஒரு பக்கம் பனி மலைகள் வரிசையாகக் கூடவே வருகின்றன. எல் ஆல்ட்டோ நகரம், 4,100 மீட்டர். சந்தையும் செங்கல் வீடுகளுமாக முடிவில்லாமல் போகிறது. திடீரென்று சாலை ஒரு விளிம்பில் திரும்ப, தரையே காணாமல் போகிறது. கீழே ஒரு பெரிய கிண்ணம். அந்தக் கிண்ணத்தின் சுவர்களில் ஒட்டவைத்தது போல லட்சக்கணக்கான வீடுகள். அதுதான் லா பாஸ். உலகத்தில் வேறு எந்த நகரத்துக்கும் மேலேயிருந்து இறங்கி வந்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே பஸ் ஊருக்குள் விழுகிறது.

நம் மலை ஊர்களில் யார் உயரத்தில் இருப்பார்கள்? துரைமார் பங்களா மேட்டில், தொழிலாளர் லயன் பள்ளத்தில். லா பாஸில் தலைகீழ். காற்று கனமாகவும் வெயில் இதமாகவும் இருக்கும் பள்ளத்தில் பணக்காரர்கள். குளிரும் மூச்சுத்திணறலும் இருக்கும் விளிம்பில் ஏழைகள். காற்றுக்கும் அங்கே விலை உண்டு. அந்த உயரத்தில் மூச்சுக்கு மூச்சு, கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். விடுதிச் சமையலறையில் நான் சோறு வைத்தேன். கொதிக்கிறது, கொதிக்கிறது, வேகவே இல்லை. அரை மணி கழித்தும் நறுக்கரிசி. ஊறவைத்திருந்தால்தான் உண்டு என்று பக்கத்து அடுப்புப் பெண் சைகையில் சொன்னாள்.

2014-இலிருந்து மேட்டையும் பள்ளத்தையும் கம்பிவழிப் பெட்டிகள் இணைக்கின்றன. வானத்தில் ஓடும் டவுன் பஸ் அது. வேடிக்கைப் பயணிகளுக்கு இரண்டாவது இடம்தான். பாத்திரம் கழுவப் போகும் அம்மாவும், கல்லூரிப் பிள்ளையும், முதுகில் வண்ணத் துணிக்கட்டில் குழந்தையைச் சுமந்த கிழங்கு வியாபாரியும்தான் ஏறுகிறார்கள்.

லா பாஸ் பேருந்து நிலையத்தில்தான் எனக்கு வீட்டு நினைவு வந்தது. ஏன் தெரியுமா? சத்தம்! "கோச்சபாம்பா கோச்சபாம்பா கோச்சபாம்பா! ஓரூரோ ஓரூரோ ஓரூரோ!" நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் "திண்டுக்கல் திண்டுக்கல் திண்டுக்கல்" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ராகம் போதாதா? வார்த்தைதான் வேறு, இழுப்பு ஒன்று.

அங்கே தெருவில் ஒரு சொல் கற்றேன். 'காசெரா.' கடைக்காரியை வாடிக்கைக்காரர் அப்படித்தான் கூப்பிடுகிறார். வாடிக்கைக்காரரைக் கடைக்காரியும் அதே சொல்லால்தான் கூப்பிடுகிறாள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே பெயர். தினமும் ஒரே அம்மாவிடம் ரொட்டி வாங்கினால், மூன்றாம் நாள் அவள் ஒரு ரொட்டி கூடுதலாகப் போடுவாள். அதன் பெயர் 'யாபா'. என் அண்ணன் மகள் "போனஸ்னு சொல்லலாமா அத்தை?" என்றாள். அடிப் பெண்ணே, போனஸ் எதற்கு? நம்மிடம் கொசுறு இருக்கிறதே!

இப்போது சாலை மறியலுக்கு வருகிறேன். இது இல்லாமல் பொலிவியாவில் பஸ் பயணம் இல்லை. 'ப்ளோக்கேயோ' என்பார்கள். ஓரூரோவைத் தாண்டி விடிகாலையில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் நூறு லாரி. அதற்கு முன்னால் சாலை முழுக்கக் கற்கள், டயர் புகை. கற்களுக்குப் பக்கத்தில் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த பெண்கள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் பற்றி ஏதோ கோரிக்கை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். பயணிகள் ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். மறியலின் அந்தப் பக்கம் இன்னொரு பஸ், இப்படியே மாட்டிக்கொண்டு நிற்குமல்லவா? அதன் பயணிகள் இந்தப் பக்கம் நடந்து வருகிறார்கள். இரு பஸ்ஸும் ஆளை மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். ஆறு கிலோமீட்டர் நடந்தேன். கிட்டத்தட்ட நாலாயிரம் மீட்டர் உயரத்தில் பதினொரு கிலோவோடு. மூன்றாவது கிலோமீட்டரில் பருப்புப்பொடியை உருளைக்கிழங்கு உரிக்கும் அம்மாக்களுக்கே கொடுத்துவிட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு வெந்த கிழங்கு தந்தார்கள். அதில் தொட்டுச் சாப்பிட்டும் காட்டினேன். கடலோரத்து நாடு ஒன்று மலை நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் இது நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இந்த மறியல் நேற்று முளைத்ததா? 1781-ஐப் பாருங்கள். டுபாக் கட்டாரி என்ற அய்மாரா பூர்வகுடித் தலைவர், அவர் மனைவி பார்டோலினா சிசா. எல் ஆல்ட்டோ விளிம்பில் படையோடு நின்று கீழே கிண்ணத்துக்குள் இருந்த ஸ்பானியரின் லா பாஸ் நகரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். சாலையை அடைத்தால் நகரத்துக்குச் சோறு போகாது. கடைசியில் கட்டாரியை நான்கு குதிரைகளில் கட்டி நான்கு பக்கமும் இழுத்துக் கொன்றார்கள். 2003 அக்டோபரில் இயற்கை எரிவாயுவை வெளிநாட்டுக்கு விற்கும் திட்டத்தை எதிர்த்து அதே எல் ஆல்ட்டோ மக்கள் அதே விளிம்பில் அதே சாலைகளை அடைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் பதவியை விட்டுவிட்டு நாட்டை விட்டே போனார். இருநூற்று இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி. மறியலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் என் அண்ணன் மகள் கட்டாரியைப் பற்றிக் கேட்டாள். அந்த அம்மா போன வாரம் நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். சொல்லும்போது கத்தியைப் பிடித்த கை எங்கே போனது? முன்னே. நேர் முன்னே, நீட்டி.

அப்போதுதான் எனக்கு அந்தப் படகுக் கிழவர் நினைவுக்கு வந்தார்.

நண்பர்களே, இதை அன்று மாலை எங்களோடு பஸ் மாறி உட்கார்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் விளக்கினார். அய்மாரா மொழியில் 'நய்ரா' என்றால் கண். முன்பக்கம் என்றும் பொருள். கடந்த காலம் என்றும் பொருள். 'கிபா' என்றால் முதுகுப்பக்கம். வரப்போகும் காலமும் அதுதான். கேட்டால், 'நடந்ததைப் பார்த்துவிட்டோம், ஆகவே அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நடக்கப்போவதைப் பார்க்கவில்லை, ஆகவே அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது' என்கிறார்கள். எவ்வளவு பழைய காலமோ அவ்வளவு தூரம் கை முன்னே நீளும். ரஃபாயேல் நூனியெஸ், ஈவ் ஸ்வீட்சர் என்ற இரண்டு அறிஞர்கள் இந்தக் கையசைவுகளைப் படம் பிடித்து ஆராய்ந்து 2006-இல் கட்டுரை எழுதினார்கள்.

படகுக் கிழவருக்குத் திசை தெரிந்திருந்தது. அவர் காட்டியது கடல் இருந்த திசையை அன்று. கடல் இருந்த காலத்தை.

ஆசிரியர் இதைச் சொல்லி முடித்ததும் நான் பஸ்ஸில் சத்தமாகவே "அடடா!" என்றேன். ஏன் தெரியுமா? நாம் என்ன சொல்கிறோம்? முன்பு ஒரு காலத்திலே. முன்னோர். முன்னாள் தலைமையாசிரியர். முந்தாநாள். எல்லாம் கடந்தது, எல்லாவற்றுக்கும் முன். வரப்போவதற்கு? பின்னாளில். பிற்காலத்தில். பிறகு பார்ப்போம். எல்லாவற்றுக்கும் பின்! தமிழாசிரியர்கள் அரங்கில் இருக்கிறார்கள், நான் தவறாகச் சொன்னால் கையைத் தூக்குங்கள். சொல்லளவில் இப்படி முன்னையும் பின்னையும் வைத்துக்கொண்ட மொழிகள் வேறும் உண்டு, நாம் மட்டும் தனி என்று மார்தட்ட வேண்டாம். அதிசயம் அதில் இல்லை. "முன்பெல்லாம் இந்த ஆத்துல தண்ணி ஓடும்" என்று சொல்லும்போது நம் கை எங்கே போகிறது? தோளுக்கு மேலாகப் பின்னால் போகிறது! நாக்கு முன்னே என்கிறது, கை பின்னே என்கிறது. எப்போது பிரிந்தார்கள் இந்த இருவரும்? எனக்குத் தெரிந்தவரை அய்மாரா முதியவர்களிடம் நாக்கும் கையும் இன்னும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடியும் பஸ். அடுத்த ஊர் ஊயூனி. அதன் உப்புவெளியை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளை. அழகுதான், அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே கிடக்கும் ரயில் எஞ்சின்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். துருப்பிடித்த நீராவி எஞ்சின்கள், மணலில் புதைந்து, வரிசையாக. 1889-இல் இந்த ஊருக்குத் தண்டவாளம் வந்தது. எங்கிருந்து? அன்டோஃபகாஸ்டாவிலிருந்து. பறிகொடுத்த துறைமுகத்துக்கு மலையின் உலோகத்தை வாரிக்கொண்டு போகத்தான்.

அங்கிருந்து நாலு மணி நேர பஸ்ஸில் பொத்தோசி. 4,000 மீட்டருக்கு மேல் ஒரு நகரம். அதன் தலைக்கு மேல் செந்நிறக் கூம்பாக ஒரு மலை. செர்ரோ ரிக்கோ, செல்வ மலை. 1545-இல் அதில் வெள்ளி கிடைத்தது. அறுபது எழுபது ஆண்டுகளில் அந்தக் குளிர்ப் பாலையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள். ஐரோப்பாவின் பெரிய நகரங்களுக்கு ஈடான கூட்டம். யார் தோண்டினார்கள்? 1570-களில் ஸ்பானிய ஆளுநர் தொலேடோ 'மீத்தா' என்று ஒரு முறை கொண்டுவந்தார். கிராமத்தில் ஏழு ஆண்களில் ஒருவர், முறைவைத்து, ஓராண்டு சுரங்கத்துக்கு வர வேண்டும். ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல். டிட்டிகாகா ஏரிக்கரையிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வந்திருக்கிறார்கள், மனைவி மக்களோடு, லாமா மேல் உலர்ந்த கிழங்கு மூட்டையோடு. நாங்கள் சாய்விருக்கையில் கால் நீட்டித் தூங்கி வந்த தூரம் அது. பல பேர் திரும்பி நடக்கவில்லை.

அந்தக் கிழங்கைச் 'சுன்யோ' என்பார்கள். ஜூன், ஜூலை இரவில் பனியில் உறையவிட்டு, பகலில் வெயிலில் இளகவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து காயவைப்பது. கூழாங்கல் மாதிரி இருக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. ருசி? வற்றல் போடத் தெரிந்த ஊர்க்காரி நான். எனக்கே பழக நாளானது.

பொத்தோசியில் சுரங்கத்துக்குள் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். இன்றும் ஆயிரக்கணக்கானோர் துத்தநாகமும் வெள்ளியும் தேடி உள்ளே குனிந்து நடக்கிறார்கள். துளைத்துத் துளைத்து மலையின் உச்சியே உள்வாங்குகிறது. 2014-இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நான் உள்ளே போகவில்லை. ஒருவர் நுரையீரல் கிழிய உழைப்பதைத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. போனவர்களைக் குறை சொல்லவும் இல்லை, அந்தப் பணத்தில் ஒரு பகுதி அவர்களுக்கே போகிறது. நான் சுரங்கக்காரர் சந்தையில் நின்றேன். ஒரு கடையில் கோகா இலை, சிகரெட், கிட்டத்தட்ட வெறும் எரிசாராயம், வெடிமருந்துக் குச்சி, எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், வெற்றிலை பாக்குக் கடை மாதிரி. சாராயம் யாருக்கு? பாதி சுரங்கக்காரருக்கு. பாதி 'டியோ'வுக்கு. டியோ என்றால் மாமா. கொம்பு வைத்த மண் சிலை, சுரங்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் தெய்வம். வெளியே கன்னி மேரி காப்பாற்றுவார். உள்ளே மாமா ஆட்சி. அவர் வாயில் சிகரெட் பற்றவைத்து வைக்கிறார்கள், சாராயம் தெளிக்கிறார்கள். கருப்பசாமிக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இதற்கு மேல் உரை தேவையா?

நாணயச் சாலைக்குப் போனேன். கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றிய பாதை, மேல்தளத்தில் வெள்ளியைத் தகடாக்கும் பெரிய மரச் சக்கரங்கள். இங்கே அடித்த காசு எங்கே போயிற்று? ஒரு பங்கு ஸ்பெயினுக்கு, அங்கிருந்து ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலில் ஏறிக் கிழக்கே. நம் சோழமண்டலக் கரையில் கைத்தறித் துணிக்கு விலையாக எண்ணிக் கொடுத்த வெள்ளியில் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்து மலைகளில் வெட்டியது. இன்னொரு பங்கு மெக்சிகோ வழியாகக் கப்பலேறி மணிலாவுக்கு.

மணிலா! இந்தப் பெயரைக் கேட்டதும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். நாணயச் சாலைக்கு எதிரே ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. அன்றைய சூப் ஒரே வகைதான். வெள்ளையாக, கெட்டியாக, மேலே பொரித்த உருளைக்கிழங்கு. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். என்ன ருசி இது, எங்கேயோ தெரிந்த ருசி! பச்சை வேர்க்கடலையை அரைத்துக் காய்ச்சியது. வேர்க்கடலையின் பூர்வீகமே தெற்கு பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேரும் மலையடிவாரம்தான். உருளைக்கிழங்கு இந்த ஏரிக்கரைப் பக்கத்துப் பிள்ளை. மிளகாயின் காட்டு மூதாதைகளும் இந்த நாட்டில் உண்டு. என் சமையலறையில் பாதி, நான் பிறப்பதற்கு முன்பே இங்கிருந்து பயணம் கிளம்பியிருக்கிறது. நான் புளிக்காய்ச்சலைத் தூக்கிக்கொண்டு போனது எங்கே பாருங்கள், அதிலிருக்கும் கடலைக்கும் மிளகாய்க்கும் தாய்வீட்டுக்கு!

ஊருக்கு வந்து என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. சமையல்கட்டில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர்ப் பக்கம் வேர்க்கடலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை. மணிலாவிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். மணிலாவுக்கு முன்னால் அது எங்கே இருந்தது, அந்த மலை எப்படி, அந்தச் சூப் எப்படி என்று நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க தாத்தா முன்ன மல்லாட்டை போட்டாரு பாரு, அந்த மேட்டாங்கொல்லை. அதுல வெளைஞ்சதுக்கு இருந்த ருசி வேற" என்றார்.

'முன்ன' என்று சொன்னபோது அவர் கை, உரித்த தொலியோடு, தோளுக்கு மேலாகப் பின்னால் போனது. நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் சுவரும் மிக்சியும்தான் இருந்தன.